கட்சியில்லாத நிறம்

“கண்ணாடி போடப் போறாங்களாம்,” என்றான் ஹைதம், தோளிலிருந்து பையைக் கூட இறக்காமல்.

“எதுக்கு?”

“பால்கனிக்கு. அஞ்சு மாடிக்கும். உஸ்தாத் ஃபாயெஸ் லிஃப்ட் கதவுல நோட்டீஸ் ஒட்டியிருக்காரு. ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்குக் கூட்டம். துணித்திரை எல்லாத்தையும் கழட்டிடணுமாம். கண்ணாடிக்கு உள்பக்கமும் துணி கட்டக் கூடாதாம், முகப்பு அசிங்கமாயிடும்னு.”

“ஓடாத லிஃப்டோட கதவுல ஒட்டினா யாரு படிப்பா?”

“அஞ்சு மாடி ஏறுறவன் படிப்பான். மூச்சு வாங்க எங்கயாவது நிக்கணும்ல?”

ஹைதம் கணக்கு வாத்தியார். காலை எட்டிலிருந்து கரும்பலகை முன்னால் நிற்கிறவன். வீட்டுக்கு வந்ததும் அவன் செய்கிற முதல் காரியம், பால்கனிக்குப் போய்த் திரையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை இழுத்துவிட்டு, பிரம்பு நாற்காலியில் சாய்ந்து, இரண்டு கால்களையும் என் மடியில் தூக்கிப் போடுவது. நான் கட்டைவிரலால் அவன் உள்ளங்காலை அழுத்திக்கொண்டே அன்றைக்குப் பார்த்த அசிங்கமான பெயர்ப்பலகைகளைப் பற்றிச் சொல்வேன். அவன் அன்றைக்குத் திருத்திய அசிங்கமான விடைத்தாள்களைப் பற்றிச் சொல்வான். பதினொரு வருடமாக இப்படித்தான். பெய்ரூட்டில் நாங்கள் இரண்டு பேராக, வானத்துக்குக் கீழே, உட்காருகிற இடம் அது ஒன்றுதான்.

எதிரே பதினான்கு மாடிப் புதுக் கட்டடம். நடுவில் பத்து மீட்டர் தெரு. அங்கிருந்து பார்க்கிறவர்களுக்கு எங்கள் வீட்டில் தெரிவது பச்சையும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட, வெளுத்துப்போன, போன குளிர்காலப் புயலில் கிழிந்து நான் ஊசி நூலால் தைத்த துணி மட்டும். அது போய்க் கண்ணாடி வந்தால் என்ன ஆகும் என்று யோசிக்க அதிக நேரம் தேவையில்லை. சட்டப் புத்தகத்தில் எங்களைப் பற்றி ஒரு வரி இருக்கிறது. நீதிபதிகளில் சிலர் அதைக் கண்டுகொள்வதில்லை. பள்ளிக்கூட நிர்வாகங்கள் கண்டுகொள்ளும். எதிர்வீட்டுக்காரன் ஒருவன் கைபேசியில் ஒரே ஒரு படம் எடுத்தால் போதும், ஹைதமின் வேலை போய்விடும். வேலையோடு நின்றால் அதிர்ஷ்டம்.

கட்டடத்தில் யாரும் எங்களை ஒன்றும் கேட்பதில்லை. வங்கிகள் ஊராரின் சேமிப்பை எல்லாம் முடக்கியதில் எங்களுக்குக் கிடைத்த ஒரே லாபம் அது. நாற்பது தாண்டிய ஆண்கள் இரண்டு பேர், ஒருவன் பெயர் எமீல், கிறிஸ்தவன், இன்னொருவன் பெயர் ஹைதம், முஸ்லிம், ஆக உறவுக்காரர்களாக இருக்கவே முடியாதவர்கள், ஏன் ஒரே வீட்டில் இருக்கிறார்கள்? கரண்டு வராத ஊரில் ஜெனரேட்டர் சந்தாவைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள், பாவம்.

என் தொழில் புத்தக அட்டை போடுவது, கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுத்து வரைவது. அது போக, வாரம் ஒருமுறை இணையத்தில் இந்த ஊரைப் பற்றி எழுதுகிறேன். மாடிப்படிக் கைப்பிடிகள், கதவுக் குமிழ்கள், அமைச்சகப் படிவங்களில் எழுத்து ஏன் எறும்பு மாதிரி இருக்கிறது, தேர்தல் சுவரொட்டியில் ஏன் எல்லா வேட்பாளரும் அடிவானத்தையே பார்க்கிறார்கள், இப்படி. நானூறு பேர் படிக்கிறார்கள். அதில் ஒருவர் முதல் மாடி உஸ்தாத் ஃபாயெஸ் என்பது எனக்கு அப்போது தெரியாது.

வியாழக்கிழமை ஏழு நிற அட்டைகளை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். ஓய்வுபெற்ற பள்ளி ஆய்வாளர், அதனால் ஊருக்கே ‘உஸ்தாத்’, அதாவது வாத்தியார், கட்டடக் குழுவுக்குப் பதினாறு வருடமாகத் தலைவர். காப்பி வந்தது.

“உஸ்தாத், துணியே நல்லாத்தானே இருக்கு? புதுசா மாத்திட்டா போச்சு.”

“தம்பி, நான் துணிக்கு எதிரி இல்ல. போன மாசம் மாடி மாடியா ஏறி, என்ன நிறம் வேணும்னு கேட்டேன். ரெண்டாம் மாடி இன்ஆம் அம்மா பச்சைன்னாங்க. பழசும் பச்சைதானேன்னு. பழசு போட்டப்போ அது வெறும் பச்சை. இப்ப அது எந்தக் கட்சியோட பச்சை? உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். மூணாம் மாடியில பல் டாக்டர் நெஹ்மே, ஆரஞ்சு வெயிலுக்கு நல்லதுங்கிறான். தேர்தலுக்கு ஏழு வாரம் இருக்கு, வெயிலுக்கு நல்லதாம்!”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“வான நீலம். வானம் எல்லாருக்கும் பொதுதானே?”

“உங்க வாசக்கதவுல ஒட்டியிருக்கிற வேட்பாளரும் வான நீலத்துலதான் சிரிக்கிறாரு, உஸ்தாத்.”

“அது தற்செயல்.”

அட்டைகளை மேசையில் பரப்பினேன். மணல் நிறத்தைக் காட்டினேன்.

“போன தேர்தல்ல புதுசா நின்னாங்களே பசங்க, அவங்க பனியன்.”

“சாம்பல்?”

“சிறைச்சாலை.”

“வெள்ளை?”

“நாலாம் மாடி பிரிகேடியர் ஒத்துக்கமாட்டாரு. சரணடைஞ்ச மாதிரி இருக்கும்பாரு.”

“கறுப்பு?”

“யாரு செத்தாங்கன்னு தெருவே கேக்கும்.”

ஏழு அட்டையும் ஏழு நிமிடத்தில் முடிந்தன. இந்த ஊரில் நிறம் என்று ஒன்று தனியாகக் கிடையாது. எலுமிச்சம்பழ வியாபாரி கூட மஞ்சளுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அடுத்த தலைமுறை வடிவமைப்பாளர்களுக்கு என்ன சொல்லிக்கொடுப்பேன் என்று யோசித்துக்கொண்டே அட்டைகளை அடுக்கினேன்.

“பாத்தியா? கண்ணாடிக்குக் கட்சி கிடையாது,” என்றார் உஸ்தாத். “அதோட, மறைக்க ஏதாவது இருக்கிறவன்தான் திரை போடணும். நமக்கு என்ன இருக்கு மறைக்க?”

“ஒண்ணும் இல்ல,” என்றேன்.

சனிக்கிழமை சாயங்காலம் ஹைதமின் கால் என் மடியில் இருந்தது.

“நாளைக்கு என்ன சொல்லப் போற?”

“சூடுன்னு சொல்லப் போறேன். கண்ணாடிப் பெட்டிக்குள்ள உக்காந்து வேகணும்னு.”

“ஏசி போடுன்னு சொல்வாங்க.”

“கரண்டு எங்க?”

“அதச் சொல்லு. அத மட்டும் சொல்லு. ‘ஒரு கட்டடத்துக்கு ஒரு முகம்’னு ஆரம்பிச்சிடாத.”

“ஏன்? அது நல்ல கட்டுரை.”

“நானூறு பேர் படிக்கிற கட்டுரை. அதுல முந்நூறு பேரு உன் பழைய ஆளுங்க.”

“பொறாமைப்படாதடா. முப்பதுகூடத் தேறாது.”

அவன் சிரித்தான். கீழே இரண்டாம் மாடியில் இன்ஆம் அம்மா கீரை ஆய்ந்துகொண்டே பாடுவது கேட்டது. வெளியே வரும்போது நெற்றி மயிர் ஒன்று தெரியாமல் தலைத்துணி கட்டுகிற பெண்மணி; பால்கனித் திரைக்குள் அவிழ்த்துப் போட்ட கூந்தலோடுதான் பாட முடியும் போல, குரலே வேறாக இருக்கும். நான்காம் மாடியிலிருந்து இனிப்புக்கடைப் பெட்டியின் காகிதம் சரசரத்தது. பிரிகேடியருக்குச் சர்க்கரை வியாதி, அவர் மனைவி வெளியே போயிருக்கிறாள் என்று அர்த்தம்.

“எமீல்.”

“ம்.”

“கண்ணாடி வந்துச்சுன்னா நான் இங்க உக்கார மாட்டேன்.”

“உள்ள உக்காரலாம். சோஃபா இருக்கு.”

“பதினோரு வருஷமா உள்ளதான இருக்கோம்,” என்றான்.

அவன் காலை அழுத்திக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை தரைத்தள முகப்பில் ஆளுக்கொரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். ஒரு வீட்டுக்கு ஓர் ஓட்டு. வீடு என் அப்பா வாங்கியது என்பதால் எங்கள் ஓட்டு என்னுடையது. ஹைதம் மேலேயே இருந்துவிட்டான். ஆனால் எங்கள் மாடிப்படி கிணறு மாதிரி, கீழே தும்மினால் மேலே கேட்கும். கதவைத் திறந்து வைத்திருப்பான் என்று எனக்குத் தெரியும்.

நான் சூட்டைப் பற்றிச் சொன்னேன். கரண்டைப் பற்றிச் சொன்னேன். நன்றாகவே சொன்னேன்.

உஸ்தாத் ஃபாயெஸ் சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்தார். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

“ஒண்ணு படிக்கிறேன், கேளுங்க. ‘ஒரு கட்டடத்துக்கு ஒரு முகம்தான் இருக்க முடியும். ஆளுக்கொரு நிறத்தில் துணி தொங்கவிடுகிறவர்கள் சேர்ந்து வாழ்கிறவர்கள் அல்ல; ஒரே மாடிப்படியில் ஏறி இறங்கும் அந்நியர்கள்.’ அருமையா இருக்கில்ல? யாரு எழுதினதுன்னு சொல்லு, தம்பி.”

“நான்தான்.”

“சத்தமா.”

“நான்தான், உஸ்தாத்.”

“ஆக ஒரே முகம். ஒரே துணின்னா சண்டை. அதனால கண்ணாடி. நான் உன் கட்டுரையைத்தான் நடைமுறைப்படுத்துறேன்.”

எழுதுகிறபோது அந்த வரியை மூன்று முறை திருத்தியிருந்தேன். அரைப்புள்ளி போட்டதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

“கண்ணாடியை யாரு துடைக்கிறது, கண்ணு?” என்றார் இன்ஆம் அம்மா, என்னைப் பார்த்து, நான்தான் அதைக் கொண்டுவந்தவன் போல. “ஜெனரேட்டர் புகை ஒரு நாள்ல அப்பிடும். எனக்கு முட்டி வலி.”

“எனக்குக் கண் கூசும்,” என்றார் டாக்டர் நெஹ்மே. அவர் மத்தியானத்தில் உள்ளாடையோடு பால்கனியில் குறட்டை விடுகிறவர். “பல் டாக்டருக்குக் கண்ணு முக்கியம்.”

“கண்ணாடி வேண்டாம்,” என்றார் பிரிகேடியர் ஷௌக்கி. அவர் பேசினால் நீளமாகப் பேசமாட்டார். “துறைமுகம் வெடிச்ச அன்னிக்கு என் பெண்டாட்டி முதுகுலேர்ந்து நாப்பத்தோரு கண்ணாடித் துண்டு எடுத்தாங்க.”

எங்கள் எல்லார் வீட்டிலும் அந்த ஆகஸ்ட் இருக்கிறது. என் இடது புருவத்தில் தழும்பாக இருக்கிறது.

“இது உடையாத கண்ணாடி, பிரிகேடியர்,” என்றார் உஸ்தாத், குரலை இறக்கி. “உத்தரவாதம் தர்றாங்க.”

“அதுக்கும் உத்தரவாதம் இருந்துச்சு.”

“சரி,” உஸ்தாத் கையை விரித்தார். “எல்லாருக்கும் துணிதான் வேணும். எனக்கும் ஆட்சேபணை இல்ல. என்ன நிறம்? சொல்லுங்க. இப்பவே எழுதிக்கிறேன்.”

“பச்சை,” என்றார் இன்ஆம் அம்மா. “பழசு பச்சைதானே?”

“ஆரம்பிச்சாச்சு,” என்றார் நெஹ்மே. “கொடியையும் சேத்தே கட்டிடுங்க அம்மா, செலவு மிச்சம்.”

“ஆரஞ்சுப்பழம் விக்கிறவன் பேசலாமா? பல் புடுங்குறப்போ உங்க கட்சிப் பாட்டைத்தானே போடுற? வலி தாங்காம நாங்களே கட்சியில சேந்துருவோம்னு!”

“அது ரேடியோ!”

“சிவப்பு,” என்றார் பிரிகேடியர். “என் படைப்பிரிவுத் தொப்பி.”

“அது கருஞ்சிவப்பு சார்,” என்றார் நெஹ்மே. “நீங்க சொல்றது வேற சிவப்பு. அந்தச் சிவப்பு யாருதுன்னு தெரியுமா?”

“எனக்குச் சொல்லித்தர்றியா நீ?”

அரைமணி நேரம் ஓடியது. முதலில் நிறங்களைப் பற்றிப் பேசினார்கள், பிறகு தலைவர்களைப் பற்றி, பிறகு உள்நாட்டுப் போர் நடந்த எண்பத்து நான்காம் வருடம் யார் யாரைத் தெருமுனையில் நிறுத்தி அடையாள அட்டை கேட்டார்கள் என்பதைப் பற்றி. உஸ்தாத் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுந்தார்.

“பாத்தீங்களா? அதுக்குத்தான் சொன்னேன், கண்ணாடின்னு. கண்ணாடிக்குச் சரிங்கிறவங்க கை தூக்குங்க.”

நெஹ்மேயின் கை பாதி எழுந்தது. பச்சையைவிடக் கண்ணாடி மேல் என்று அவருக்குப் பட்டிருக்கும். நெஹ்மே தூக்கினால் இன்ஆம் அம்மாவும் ஆரஞ்சுக்குப் பயந்து தூக்கிவிடுவார். ஐந்து ஓட்டில் மூன்று கை ஆகிவிடும்.

“ஆளுக்கு ஒரு நிறம் போட்டுக்கலாம்,” என்றேன்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

“யாரு வீட்டுப் பால்கனிக்கு யாரு என்ன வேணுமோ அதைக் கட்டிக்கட்டும். பச்சை, ஆரஞ்சு, சிவப்பு, என்ன வேணும்னாலும். ஒருத்தர் நிறத்தை இன்னொருத்தர் கேக்க வேண்டாம்.”

உஸ்தாத் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார், பிறகு என்னை.

“இதை எழுதினவனா சொல்ற?”

“எழுதினது தப்பு.”

“எது தப்பு? இலக்கணமா?”

“விஷயம். சேர்ந்து வாழுறதுக்கு ஒரே துணி வேணும்னு எழுதினேன். வேண்டாம். துணி இருந்தா போதும்.”

“முகப்பு கோமாளி சட்டை மாதிரி இருக்குமேய்யா!”

“இருக்கும்,” என்றேன். பதினைந்து வருடமாக நான் கிண்டல் செய்துவந்த கட்டடங்கள் எல்லாம் கண் முன்னால் வரிசையாக வந்து நின்றன.

“எனக்குச் சரி,” என்றார் இன்ஆம் அம்மா உடனே. நெஹ்மே பாதி தூக்கிய கையை முழுதாகத் தூக்கினார், “இதுக்கு,” என்று விளக்கிக்கொண்டே. பிரிகேடியர் தலையை அசைத்தார். இவ்வளவு பேரும் சூடு, புகை, முட்டி, கண்கூச்சம் என்று பேசினோமே, உண்மையான காரணத்தை ஒருவராவது சொன்னோமா என்று நினைத்துப் பார்த்தேன். பிரிகேடியர் சொன்னது உண்மை. ஆனால் அதுவும் பாதிதான், அந்த இனிப்புப் பெட்டி இருக்கிறதே.

உஸ்தாத் காகிதத்தை மடித்துப் பையில் வைத்தார். “வான நீலம் எனக்கு. யாரும் வாயைத் திறக்கக் கூடாது.”

மேலே ஐந்தாம் மாடியில் ஒரு கதவு மெதுவாகச் சாத்தப்படும் சத்தம் கேட்டது.

மூன்று வாரத்தில் நான்கு மாடியிலும் துணி ஏறிவிட்டது. தரைத்தள மளிகைக்கடைக்கு முன்பே மஞ்சள் கூரைத்துணி உண்டு. பிஸ்கட் கம்பெனி இலவசமாகக் கொடுத்தது என்று கடைக்காரர் சத்தியம் செய்வார். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். ஒரு நாள் என் வாசகர் ஒருவர் படம் அனுப்பினார். “உங்கள் கட்டுரைக்கு உதவும். ராஸ் எல் நபா வட்டாரத்திலேயே அசிங்கமான கட்டடம்.” படத்தில் எங்கள் ஐந்தாம் மாடிக் கிழிசலும் நன்றாகத் தெரிந்தது. “உண்மைதான். அனுப்பியதற்கு நன்றி,” என்று பதில் எழுதினேன். அந்த வாரம் தபால்பெட்டிகளைப் பற்றி எழுதினேன்.

“இதுல சோகம் என்னன்னா,” என்றேன் ஹைதமிடம், “அவன் சொல்றது சரி.”

“துணி வாங்கப் போலாமா, இல்ல துக்கம் விசாரிக்க ஆள் வரணுமா?”

பர்ஜ் ஹம்மூத் கடைத்தெருவில் வாரூஜ் அண்ணன் கடை. பால்கனித் துணி, கூடாரத் துணி, லாரிப் படுதா எல்லாம் சுவர் உயரத்துக்குச் சுருள் சுருளாக நிற்கும். நான் பழக்கதோஷத்தில் நிறங்களைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். ஹைதம் முழங்கையால் இடித்தான்.

“கீழேர்ந்து எண்ணிப் பாரு. மளிகைக்கடை மஞ்சள். உஸ்தாத் நீலம். அம்மா பச்சை. நெஹ்மே ஆரஞ்சு. பிரிகேடியர் சிவப்பு.”

“அதுக்கென்ன?”

“ஊதா மட்டும்தான் பாக்கி.”

எனக்கு ஒரு நொடி ஆனது. அப்புறம் சிரிப்பை அடக்க முடியாமல் ஒரு சுருளைப் பிடித்துக்கொண்டேன். நான்கு மாடிக்காரர்களும் மளிகைக்கடைக்காரரும் தங்கள் தங்கள் கட்சிக்கு விசுவாசமாக இருந்து எங்கள் வானவில் கொடியை முக்கால்வாசி ஏற்றி வைத்திருந்தார்கள்.

“வரிசை தப்பு,” என்றேன். “சிவப்புக்கு அடுத்து ஆரஞ்சு சரி. அதுக்குக் கீழ மஞ்சள் வரணும்.”

“நீ டிசைனர், உனக்கு வரிசைதான் கண்ணுல படும். வேற யாருக்கும் ஒண்ணும் தோணாது.”

“தோணுறவனுக்குத் தோணும்.”

“தோணட்டுமே. அவனும் நம்மாளாத்தான் இருப்பான்.”

“அன்னிக்கு வானவில் நிறத்துல பூ வச்ச நம்ம விளம்பரப் பலகையைக் கிழிச்சவனுக்கும் தோணுச்சு.”

இரண்டு பேரும் அந்த ஊதாச் சுருளையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றோம். நல்ல ஊதா. கத்தரிக்காய்க்கும் திராட்சைக்கும் நடுவில்.

“அண்ணே, அந்த ஊதாவைக் கொஞ்சம் வாசல் வெளிச்சத்துல தூக்கிப் பிடிங்களேன்.”

வாரூஜ் அண்ணன் கழியில் மாட்டித் தூக்கினார். நான் பின்னால் போய் உள்ளங்கையை விரித்தேன்.

“என்ன தெரியுது?”

“அஞ்சு விரலும் தெரியுது,” என்றான் ஹைதம். “வாட்ச்சும் தெரியுது. மணி நாலேகால்.”

“மெல்லிசு.”

“மெல்லிசுதான்,” என்றார் வாரூஜ் அண்ணன். “ஊதாவை யாரு கேக்கறா? ஊதாவுல கனத்துணி நெய்யவே மாட்டாங்க. கனம் வேணும்னா காப்பிக்கொட்டை நிறம் ஒண்ணுதான். லாரிக்குப் போடுறது. பாக்க நல்லா இருக்காது, முன்னாடியே சொல்லிடுறேன்.”

“காட்டுங்க.”

காட்டினார். பாக்க நல்லா இருக்காதுதான். ஈரச் சாக்கு மாதிரி ஒரு பழுப்பு. ஹைதம் பின்னால் போய் நின்றான். கை தெரியவில்லை, தலை தெரியவில்லை, ஆளே இல்லை.

“எமீல், நான் எங்க இருக்கேன்?”

“தெரியல.”

“இப்ப?”

“தெரியலடா.”

“ரெண்டு பேர் நின்னா தெரியுமான்னு பாக்கணும். நீயும் வா.”

நானும் பின்னால் போனேன். உள்ளே மங்கிய நிழல், எண்ணெய் வாசனை. ஹைதம் என் கையைப் பிடித்துக்கொண்டான். அரையடி தூரத்தில், துணிக்கு அந்தப் பக்கம், வாரூஜ் அண்ணன் மூச்சு விடுவது கேட்டது. அதற்கும் அந்தப் பக்கம் தெரு, ஸ்கூட்டர்கள், யாரோ எலுமிச்சம்பழம் கூவி விற்கிறார்கள்.

“இப்ப ஏதாவது தெரியுதா, அண்ணே?” என்றேன்.

“ஒண்ணும் தெரியல.”

“நல்லாப் பாத்துச் சொல்லுங்க.”

“ஒருத்தரும் இல்லாத மாதிரி இருக்குப்பா. கை வலிக்குது, எத்தனை மீட்டருன்னு சொல்லுங்க.”

“ஒன்பது,” என்றான் ஹைதம், கையை விடாமல்.